கொடியசைப்புக்கு முன்

மங்கலம் சாலையில் காலை ஆறு மணிக்கே தொடங்க வேண்டிய எங்கள் ஓட்டக் குழுவின் போட்டி. கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வராததால், ஒன்பது மணி வெயிலிலும் நின்றிருந்தோம். சூடேறிய தாரின் மணம் என்னைப் பள்ளிப் பருவத்து ஓட்டப் பந்தயத்திற்கு இழுத்துச் சென்றது.

அன்று வெறுங்காலுடன் ஓடினேன். பாதம் வெந்ததால் சாலையோர மண்ணில் இறங்கினேன். முதலாவதாக வந்தும் பரிசில்லை என்றார் நடுவர்.

"ஏனுங்க, மண்ணுல ஓடுனா ஓட்டமில்லீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ரோட்டு ஓட்டமுங்க. ரோட்டுலதான் ஓடோணும்" என்றார், குடைநிழலில் செருப்பணிந்து நின்ற நடுவர்.

'சிவாய நம' என்று அப்பா அமைதியடைந்தார். எனக்கோ இன்னும் ஆறவில்லை.

ஒருவழியாக விருந்தினரின் கார் வந்தது. காலணி நாடாவை இறுக்கிக் கட்டினேன். குழுச் செயலாளர் என்னிடம் விரைந்து வந்தார்.

"சாமி, வெயில் ஏறிப்போச்சுங்க. அறுபது தாண்டுனவங்களுக்கு இன்னைக்கு ஓட்டமில்லீங்க. நீங்க மேடைக்கு வந்து அவருக்குப் பொன்னாடை போத்தி உடுங்க."