கயிறு தளர்ந்த மதியம்

எனக்குப் பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது எதிலும் நம்பிக்கை கிடையாது. பல வருசமாகக் கிரேன் ஓட்டுகிறவன் நான். பாரம், கயிறு, தரை, இந்த மூன்றைத்தான் நம்புவேன், அதிலும் தரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை.

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நிறுத்துவதுதான் எங்கள் தொழில். நான் மேலே கேபினில் இருப்பேன். கீழே கயிறு கட்டி, கொக்கி மாட்டி, போல்ட் போடுவது என் தங்கச்சி வீட்டுக்காரர் பழனிசாமி. அவரை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தவனே நான்தான். இது நடந்த சமயம் தங்கச்சி மாசமாக இருந்தாள். "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேண்ணா" என்று சொல்லித்தான் ஒவ்வொரு வேலைக்கும் அவரை அனுப்புவாள். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

போன பங்குனியில் காரமடைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கூப்பிட்டார்கள். ராணுவத்தில் ஓடி ஓய்ந்த ஹெலிகாப்டர் ஒன்று, அதை வாசலில் மூன்று இரும்புத் தூண்மேல் தூக்கி வைக்க வேண்டும். ட்ரெய்லரில் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இஞ்சின் இல்லை, சீட் இல்லை, உள்ளே ஒரு ஒயர்கூட இல்லை, எல்லாவற்றையும் உருவிவிட்டு வெறும் கூட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கறுப்புப் பெயிண்ட். உடம்புக்குக் கல்லூரி பஸ்ஸுக்கு அடிக்கிற அதே மஞ்சள்.

ட்ரெய்லர் டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "இது குடுத்து வெச்சதுங்ணா. இதோட கூட்டாளிக எல்லாம் கேஸ் கட்டர்ல வெட்டி எடைக்குப் போயிருச்சு. பனிமலையில அடிபட்டுக் கெடந்தவங்களைத் தூக்கீட்டு வந்த வண்டியாமா."

"இங்க என்னத்தத் தூக்கப் போவுது?"

"பசங்க செல்ஃபி எடுப்பாங்ணா."

அதன் இறக்கைகளைக் கயிறு போட்டு வாலோடு இழுத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். நான்தான் அவிழ்க்கச் சொன்னேன். காற்றாலைக்காரன் புத்தி அது. ஓடாத காற்றாலையாக இருந்தாலும் இறக்கையைச் சும்மா சுற்றும்படி விட்டுவிட வேண்டும், கட்டிப்போட்டால் பல்சக்கரம் கெட்டுப்போகும். ஹெலிகாப்டரைத் தூக்கும்போது அப்படிச் செய்யவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரி இஞ்சினியர் வேண்டாம் என்றுதான் சொன்னார், அவரை நான் பேசவே விடவில்லை.

அந்த ஆளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங் சார், இந்த எடத்துல கெணறு, குழி ஏதாச்சும் மூடியிருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கெட்டித் தரை."

பச்சைப் பொய். அந்தப் புல்லுக்கு அடியில் பழைய தோட்டத்துக் கிணறு ஒன்றைக் கட்டட இடிசல் போட்டு மூடியிருந்தார்கள். அதன் விளிம்பில்தான் என் கிரேனின் கால் ஒன்று நின்றது.

நல்ல உச்சி வெயில். ஒரு இலை அசையவில்லை. தூக்கிக் கொண்டுபோய்த் தூணுக்கு நேராக நிறுத்திவிட்டேன், ஆனால் போல்ட் ஓட்டை பொருந்தவில்லை. மாப்பிள்ளை குனிந்து அடியிலேயே போய்விட்டார்.

"மாப்ளே, வெளிய வாங்க. தலைக்கு மேல தொங்கறது உங்க மாமனார் ஊட்டு ஊஞ்சல் இல்ல."

"உங்கப்பன் எனக்கு எங்கீங்க மச்சான் ஊஞ்சல் போட்டாரு. இன்னும் ஒரு நூலளவு எறக்குங்க."

அப்போது தரை உள்வாங்கியது. கிரேன் சாய்ந்தது, அபாய மணி அலறியது, மொத்த ஹெலிகாப்டரும் அவர்மேல் இறங்கியது. அவர் கால் தூணுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தூக்கினால் கிரேன் கவிழ்ந்துவிடும், இறக்கினால் அவர் நசுங்கிவிடுவார். என் கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தங்கச்சி முகம்தான் கண்ணில் வந்தது. மாப்ளே, மாப்ளே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இனிமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள். மணி நின்றுவிட்டது. பாரம் காட்டுகிற மீட்டர் கடகடவென்று இறங்கிச் சுழியத்தில் நின்றது. கயிறு அறுந்துவிட்டது என்றே நினைத்து நிமிர்ந்தேன். அறுபடவில்லை. தளர்ந்து, துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்ந்து கிடந்தது. கொக்கி சும்மா ஆடியது. அதற்குக் கீழே ஹெலிகாப்டர் எதன்மேலும் உட்காராமல், எதிலும் தொங்காமல் நின்றது.

இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க முடிந்தது. அடியில் கிடந்த புழுதியும் வேப்பஞ்சருகும் வட்டமாக வெளியே விலகி ஓடின. இஞ்சின் இல்லாத வண்டி அது, உள்ளே குருவி கூடு கட்டலாம், அவ்வளவு காலி. என் கிரேன் இஞ்சினின் உறுமலைத் தவிர அந்த இடத்தில் வேறு சத்தமே இல்லை. செல்போனோடு வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் போனைத் தூக்கவே இல்லை, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பயம் வரவில்லை. பெரிய மலையை முதல்முதலாகப் பக்கத்தில் பார்க்கும்போது பேச்சு நின்றுவிடுமே, அப்படித்தான் இருந்தது.

மாப்பிள்ளை செருப்பை விட்டுவிட்டுக் காலை உருவிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். ஹெலிகாப்டரின் நிழலை அவர் தாண்டிய பிறகுதான் மீட்டர் மறுபடி ஏறியது. வெடுக்கென்று ஏறவில்லை. தூங்குகிற குழந்தையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவார்களே, அந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை என் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று தூண்மேலும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இறக்கை நின்றது.

இஞ்சினியர் வெளிறிப்போய், "காத்துங்க, திடீர்னு சுழல்காத்து" என்றார். "காத்தடிச்சா கயிறு எப்படீடா தளரும்?" என்று சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள்.

இறக்கை சுற்றாதபடி வெல்டு வைத்துக் கொடுங்கள் என்று பிறகு கல்லூரியில் கேட்டார்கள். என் ஆட்கள் யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையோ வைத்துச் செய்துகொண்டார்கள், நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கம் போகிறபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நிமிசம் இறங்கி நிற்பேன். கோயில் வாசலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

ஒன்றுதான் இன்னும் தொந்தரவு செய்கிறது. அன்றைக்கு டீக்கடையில் மாப்பிள்ளை சொன்னார், "நீங்க என்ன கத்துனீங்கன்னே கேக்கலீங்க மச்சான், அந்தச் சத்தத்துல."

"என்ன சத்தமுங்க?"

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இஞ்சின் சத்தந்தானுங்க. நெஞ்செலும்பெல்லாம் அதிருச்சே."

மறுநாளிலிருந்து அவருக்கு வலது காது கேட்கவில்லை. துடியலூரில் காது டாக்டர் சோதித்துவிட்டு, பெரிய இஞ்சினுக்குப் பக்கத்திலேயே ரொம்ப வருசம் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். கிரேன் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் நான். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளை அவளை இடது தோளில்தான் போட்டுக்கொள்கிறார். வலது தோளில் போட்டால் அவள் அழுவது அவருக்குக் கேட்பதில்லை.