எலிமா இராசாத்தி

வந்தாறுமூலையில் இராசாத்தி என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். எலிமா இராசாத்தி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட நேரே கூட்டிப்போய் அவள் வாசல் படலையடியில் விட்டுவிடும். பெரிய வாய்க்காரி அவள். மரக்கறிக்கடையில் ஒரு தேங்காய் சின்னதாய் இருந்தால் கடைக்காரனின் மூன்று தலைமுறையை இழுப்பாள். ஆனால் அந்தப் பட்டப்பெயருக்கு மட்டும் "ஓம்" என்று எழும்பி வருவாள். அதை ஊருக்குக் கொடுத்தவளே அவள்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கதை இது. அவளுக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை. விலங்கு என்றதும் சிங்கம் புலி என்று நினைக்க வேண்டாம், எல்லாம் வெள்ளை எலி. கூடு கழுவுவது, தண்ணீர் வைப்பது, தீன் போடுவது. புருசன் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை நேரம் வெளியே போனவன் திரும்பவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மகள் புஸ்பத்தை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

மருமகன் வினாயகமூர்த்தி வாவியின் அக்கரை, திகிலிவெட்டைப் பையன். வீச்சுவலைக்காரன், அதிகம் பேசாதவன். கல்யாணம் முடிந்த கையோடு இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். இங்கே அதுதான் முறை, பெண்ணுக்கு வீடு, ஆணுக்குப் பெண்ணின் வீடு. அவன் வந்த கிழமையே இராசாத்தி வளவில் நின்ற பப்பாசி மரத்தை அடியோடு வெட்டி எறிந்தாள். பிள்ளை தங்கவேண்டிய வயிற்றுக்குப் பப்பாசிக்காய் ஆகாது என்பது அந்த ஊரில் எல்லாப் பெண்ணும் அறிந்த சங்கதி.

சண்டைக் காலம். ஆமிக்காரர் விட்ட நேரத்துக்குள்தான் வலை வீசலாம், கடையில் அரிசி நெருப்பு விலை. வீட்டில் வேகும் சோறு ஓர் ஆளுக்குத்தான் காணும். அந்த ஓர் ஆள் யார் என்பதில் இராசாத்திக்குச் சந்தேகமே இல்லை. மருமகனை முன்னறையில் பாய் போட்டு இருத்தி, சோறும் மீனும் வைத்துவிட்டு, தாயும் மகளும் குசினிக்குள் அடுப்படியில் ரொட்டி தின்றார்கள். மருமகனுக்கு ரொட்டி வைத்தாள் என்று ஊர் சொன்னால் அவள் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அப்படி ஒரு மானஸ்தி.

அந்த ரொட்டிக்கான மா கூடத்திலிருந்து வந்தது. ஏறாவூரிலிருந்து வரும் விரிவுரையாளர் றஸீனா மிஸ் பெண் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெள்ளை மூடி வாளியிலுள்ள மா ஒரு வரிசைக் கூடுகளுக்கு, நீல மூடி வாளியிலுள்ளது மற்ற வரிசைக்கு. நீல வாளியில் என்ன கலந்திருக்கிறது என்று மிஸ் சொல்லவில்லை, தெரிந்தால் தீன் போடும் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று பயம். பின்னேரம் நிறுத்துக் கொடுப்பார், காலையில் மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பார். நீல வரிசை எலிகள் பாதியைத் தொடாமலே விட்டன. மிச்சம் குப்பைக்குப் போவதை இராசாத்தியால் பொறுக்க முடியவில்லை. எப்படியும் விடப்போகிறவைதானே என்று, பாதியைக் கோப்பையில் போட்டுப் பாதியைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். கோப்பைகள் காலையில் வெறுமையாய் இருக்கக் கண்ட மிஸ், எலிகளுக்கு மா பழகிவிட்டது என்று சந்தோசப்பட்டார்.

"கசக்குதும்மா" என்பாள் புஸ்பம்.

"சத்தானது கசக்கத்தான் செய்யும். வாய மூடிட்டுத் தின்னு புள்ள."

இரண்டு வருடமாகியும் புஸ்பத்தின் வயிறு திறக்கவில்லை. கூடத்தில் நீல வரிசையிலும் குட்டிகள் அபூர்வமாகத்தான் பிறந்தன. ஷெல் சத்தத்துக்கு எலிக்கும் கரு தங்காது என்று இராசாத்தி தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அதே ஷெல் சத்தத்தில் வெள்ளை வரிசை குட்டியும் குறுமானுமாய்ப் பெருகியதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தப் பேர் ஏது?

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா. பொங்கல் பானைகளுக்கு நடுவே ஒருத்தி வாயைக் கிண்டினாள்.

"என்ன கா, மகளுக்கு இன்னமும் ஒண்டும் இல்லயா?"

பதினைந்து இருபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராசாத்திக்குச் சுர்ரென்றது.

"என்ர புள்ளயில ஒரு குறையும் இல்ல. ஆம்பிள ஆம்பிளயா இருந்தாத்தானே!"

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அவளுக்குப் பின்னால் வினாயகமூர்த்தி தண்ணீர்க் குடத்தோடு நின்றான். குடத்தை மெல்ல நிலத்தில் வைத்தான். அடுத்த நாள் விடிய முதல் தோணியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். புஸ்பம் தாயோடு பேசுவதை நிறுத்தினாள்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். றஸீனா மிஸ் கடைசி வருட மாணவர்களுக்கு ஓர் எலியை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இராசாத்தி பக்கத்தில் தட்டுக் கழுவினாள்.

"இந்த வரிசையில முக்காவாசிக்குக் கரு தங்கல்ல. நீல வாளியில இருக்கிறது பப்பாசிக்காயும் விதையும் காயவச்சு அரைச்ச மா. நம்மட பொம்புளையள் சொல்றது எலியில சரிவருதா எண்டுதான் பாக்கிறம்."

இராசாத்தி கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மரத்தை வெட்டியவள், அந்தக் காயையே மகளின் வாயில் இரண்டு வருடமாகத் திணித்திருக்கிறாள். அதற்கும் மேலே, வைத்த சோற்றைத் தின்றதைத் தவிர வேறொன்றும் செய்யாத அந்தப் பையனை ஊர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறாள். நிலம் பிளந்து அவளை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பாள்.

மாணவர்கள் போனதும் மிஸ்ஸிடம் சொன்னாள். மிஸ் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நாற்காலியில் இருந்துவிட்டார்.

"அப்ப நீங்க எடுத்ததயும் எலி தின்டதெண்டுதானே நான் கணக்கு வச்சிருக்கன்? எல்லாம் திரும்பச் செய்யணும், இராசாத்தியக்கா."

"புஸ்பத்துக்கு இனி...?"

"எலிக்கு மாவ நிப்பாட்டினா மெல்ல மெல்லச் சரிவருது. மனிசருக்கு என்னெண்டு எனக்குத் தெரியா. உங்கட மகளுக்கு இதாலதானோ எண்டும் சொல்லேலாது. டொக்டரிட்டக் காட்டுங்க." கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே, "பசிக்குதெண்டு கேட்டிருக்கலாமே அக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து புஸ்பத்திடமும் எல்லாவற்றையும் சொன்னாள். புஸ்பம், "அவரிட்டயும் போய்ச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அக்கரைக்குத் தோணி ஏறும் சந்திவெளித் துறையில் ஆமிக்காரன் இராசாத்தியின் பையைக் கொட்டிப் பார்த்தான். ஒரு சேலையும் வெற்றிலையும்தான் இருந்தன. அவள் மனதில் ஒளித்துக் கொண்டுபோனதை அவனால் பிடிக்க முடியாது.

வினாயகமூர்த்தியின் தாய் ஆச்சிப்பிள்ளை செருப்பால் அடிப்பாள் என்று நினைத்துத்தான் இராசாத்தி படலையைத் திறந்தாள். அவளோ, "வா மச்சாள்" என்று பாயை விரித்தாள். அக்கரைக்கு அரிசி கொண்டுபோகவே ஆமிக்காரர் தடை போட்டிருந்த நாட்கள். சம்பந்தி வந்தாளென்று ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்துச் சமைத்தாள். ஒரு கோப்பைச் சோறு இராசாத்தியின் முன்னால் வந்தது. குசினி வாசலில் தாயும் மகனும் அவித்த மரவள்ளிக் கிழங்கோடு இருந்தார்கள்.

அந்தச் சோற்றைப் பார்த்ததும் இராசாத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் இத்தனை நாளும் செய்த அதே உபசாரம். கையை வைக்காமல் சொல்லத் தொடங்கினாள். எலி, நீல வாளி, சேலைத் தலைப்பு, ரொட்டி, எல்லாம். தலையை நிமிர்த்தவேயில்லை.

"எலிக்கு வச்சதயா?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"ஓம் மச்சாள்."

வினாயகமூர்த்தி கிழங்கைக் கீழே வைத்தான்.

"புஸ்பம் குசினிக்குள்ள என்ன தின்டாள் எண்டு நானும் ஒரு நாள் எட்டிப் பாக்கல்ல" என்றான். பிறகு, "மாமி, அத ஊருக்கு முன்னால சொன்னீங்க. இத இஞ்ச வந்து மூணு பேருக்குள்ள சொல்றீங்க."

அவன் சொன்னது உண்மைதானே.

"சோத்தத் தின்னுங்க. ஆறுது" என்றான்.

இராசாத்தி சோற்றில் கையை வைத்தாள். மிச்சம் விடாமல் தின்றாள்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பூசை முடிந்து பெண்கள் கலையுமுன் இராசாத்தி அதே இடத்தில் போய் நின்றாள். வாய்க்காரி முதலில் சொன்னது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகவே சொன்னாள்.

"நான் எலிட மாவக் களவெடுத்து என்ர புள்ளைக்குக் குடுத்தன். அதுக்குள்ள பப்பாசிக்காய். குறை என்ர கையில. என்ர மருமகனில ஒரு குறையும் இல்ல."

ஒருத்தி, "எலிமாவா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. இராசாத்தி நின்ற இடத்திலேயே நின்று அந்தச் சிரிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

செய்தி அக்கரைக்கும் போய், அன்று பின்னேரத் தோணியில் வினாயகமூர்த்தி வந்தான். இராசாத்தி பழக்கத்தில் முன்னறையில் ஒரு பாயை விரித்து, ஒரு கோப்பைச் சோற்றோடு வந்தாள். அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்ப் புஸ்பத்தின் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தான். விரித்த பாயைச் சுருட்டக்கூடத் தோன்றாமல் இராசாத்தி முன்னறையிலேயே நின்றாள்.

"மாமி, நீங்களும் வாங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான்.