தோட்டத்தில் இரண்டு ஆத்தாக்கள்

“சித்திரை, ஞாயிறு. அருங்காட்சியகத் தோட்டத்தில் முடியிறக்கம்.” 1954ஆம் ஆண்டுக் குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். மணி குறிக்கவில்லை. வெயில் ஏறியிருந்தது நினைவிருக்கிறது.

புதுக்கோட்டையில் அந்தத் தோட்டத்துக்குள் யாரும் காசில்லாமல் வந்து உட்காரலாம். கட்டடத்துக்குள் இடமில்லாத சிலைகளை வேப்பமரங்களின் கீழே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். விடுமுறை நாளில் நான் புத்தகத்தோடு போவேன்; பெரும்பாலும் படிக்க மாட்டேன். பூ உதிரும், நிழல் அசையும். தேய்ந்த கல்முகங்கள் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் இருக்கும். நானும் பாதி அவர்களோடு சேர்ந்துவிடுவேன்.

அன்று கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் மனைவி, குழந்தை, மைத்துனர், நாவிதர் சகிதம் வந்தார். சமஸ்தானக் காலத்தில் அவர்கள் வயலிலிருந்த அம்மன் கல்லை இங்கே கொண்டுவந்துவிட்டார்களாம். குலதெய்வத்தின் முன்னால்தான் குழந்தைக்கு முதல் முடி இறக்க வேண்டும். மூன்று வயது முடியப்போகிறது, அதற்குமேல் தள்ளக்கூடாது.

“எங்க கொலசாமி உள்ள இருக்குங்க” என்றார் காவலரிடம்.

“இங்க சாமி கெடையாது, செலைதான்” என்றார் காவலர். குழந்தையைப் பார்த்ததும் இறங்கிவந்தார். “கல்லைத் தொடாதீங்க. எண்ணெ, மஞ்ச, சூடம் ஒண்ணும் ஆகாது.”

ஒப்புக்கொண்டு மரத்தடிக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரே அளவில், ஒரே மாதிரிக் கால் மடக்கி, இரண்டு அம்மன்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சின்னப்பிள்ளையில பாத்திருக்கேன்னீங்களே, எதுங்க?” என்றாள் மனைவி.

“அப்ப ஒண்ணுதான இருந்துச்சு.”

“அடுத்தவங்க ஆத்தாளுக்கு முடியக் குடுத்தா, நம்ம ஆத்தா சும்மா இருப்பாளா? பிள்ளைக்கில்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகும்.”

அவர் இங்கிட்டும் அங்கிட்டும் போய்ப் பார்த்தார். குனிந்து பார்த்தார். குழந்தையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்த மைத்துனர் சொன்னார்: “மச்சான், மடி மரத்துப்போச்சு. சட்டுனு ஒரு ஆத்தாள முடிவு பண்ணுங்க.”

நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டுக் காத்திருந்தார். வேப்பம்பூ எல்லோர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு நேரம் நின்றுவிட்டதாகவே தோன்றியது. கடைசியில் மனைவிதான் குழந்தையோடு தன் தம்பியை எழுப்பி, இரண்டு கற்களுக்கும் நடுவில் உட்காரவைத்தாள்.

“அக்கா தங்கச்சியா இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேரும் பாத்துக்கங்க தாயி.”

குழந்தை ஒருமுறை அழுதது, பிறகு பூவைப் பொறுக்க ஆரம்பித்தது. முடியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்கள். தேங்காயைக் காவலர் கேட்டுக்கு வெளியே உடைக்கச் சொன்னார். அவருக்கும் ஒரு மூடி கிடைத்தது.

1961இல் சிலைகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். இரண்டிலும் ‘அமர்ந்த அம்மன்’ என்று மட்டுமே இருந்தது. அலுவலகத்தில் விசாரித்தேன், ஒன்று கறம்பக்குடிப் பக்கத்தது என்றார்கள், எது என்று சொல்லத் தெரியவில்லை. அவர்களுடைய அம்மன் இடப்புறமா வலப்புறமா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.