ரெஜிலா கேட்ட ஒரு நிமிடம்

ரெஜிலாவின் ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை என்றால் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். மீன் சட்டிக்கும் மோர்ப் பாத்திரத்துக்கும் நடுவில் கிடக்கும். முதல் தடவை அதைக் கண்டபோது, பிள்ளைக்கு எங்கோ மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

நான் கருணாகரன். உதியன்குளங்கரைக்காரன், கேரளத்துக்குள் தமிழ் பேசுகிற எல்லை ஊர். சின்னப் படக்காரர்கள் எங்கள் பக்கம் ஷூட்டிங்குக்கு வந்தால் வீடு பிடித்துக் கொடுப்பதும், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வதும், பஞ்சாயத்தில் போய் நிற்பதும் என் வேலை. படத்தில் ‘தயாரிப்பு நிர்வாகி’ என்று பெயர் போடுவார்கள். உள்ளபடி சொன்னால் எல்லாரிடமும் திட்டு வாங்குகிற வேலை. வாங்கியதை நானும் நாலு பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே.

ரெஜிலா சத்தம் பிடிக்கிறவள். ஷூட்டிங்கில் பேச்சை ஒலிப்பதிவு செய்வாள், பிறகு வீட்டில் உட்கார்ந்து படத்தின் மற்ற எல்லாச் சத்தத்தையும் உண்டாக்குவாள். ஃபிரிட்ஜ் உறுமினால் மைக்கில் விழும், ஆகவே ஷூட்டிங் வீட்டில் முதல் காரியமாக அதை அணைப்பாள். அணைத்தவள் மறந்துவிட்டுப் போனால் வீட்டுக்காரன் மீன் நாறிப் போகும். அதனால்தான் தன் சாவியை உள்ளே வைக்கிறாள். ஃபிரிட்ஜைத் திறக்காமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது. தன் வீட்டில் வேலை செய்தாலும் இதே பழக்கம்தான். இதைக் கேட்டதும், சே, மறை கழன்றது எனக்குத்தானோ என்று இருந்தது.

அவள் குளத்தூர்க்காரி, வயது முப்பத்துநாலு. முன்பு நெய்யாற்றின்கரையில், காது கேட்கிறதா என்று சோதிக்கிற ஒரு கடையில் இருந்தாள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். பாதிப் பேர் கேட்காமலே அமுக்குவார்களாம், வெட்கம். “கேட்டவன் மொகம் வேற, கேட்டதுபோல அமுக்குதவன் மொகம் வேற, அண்ணே” என்பாள். ஆறு வருடம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்து, இந்தச் சத்தமெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது என்று தெரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்தில் ஒலிப்பதிவு படிக்கப் போனாள். கல்யாணம் ஆன பிறகு! கணவன் சஜு டயர் கடை வைத்திருக்கிறான், சாது. கட்டில் ஹாலுக்கு வந்தது, மெத்தை சுவரில் ஏறியது, படுக்கையறை ஸ்டூடியோ ஆனது. வில்லனின் கை முறிகிற சத்தம் காய்ந்த மரச்சீனிக் கம்பு. கதாநாயகியின் பட்டுப்புடவை சரசரக்கிறது என்று நீங்கள் மயங்கியது சஜுவின் மழைக்கோட்டு.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று, அவள் கேட்கிற அந்த ஒரு நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லாரும் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். யாரும் பேசாத அந்த இடத்தின் சத்தத்தை அவள் பிடிக்க வேண்டும். “ஒண்ணும் இல்லாத ஒச்சையைப் பிடிச்சு ஊறுகாயா போடப் போற?” என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் சத்தத்துக்கும் குரலுக்கும் ஒச்சை என்ற ஒரே சொல்தான். “ஒண்ணும் இல்லாத இடம் எங்க உண்டு, அண்ணே? பேச்சை வெட்டி ஒட்டுத எடத்துல இதை வச்சாத்தான் ஓட்டை தெரியாது. பின்ன, அந்த வாட்சைக் கழத்தி வையுங்க. டிக்கு டிக்குண்ணு விழுது” என்றாள். நான் கழற்றவில்லை. எங்கள் அப்பன் சொல்லியே நான் வாட்சைக் கழற்றியதில்லை.

போன வருடம் அனூஜ் என்ற இயக்குநர் பொழியூரில் ஒரு படம் எடுத்தான். கடலுக்குப் போன மகன் திரும்பி வரவில்லை, அம்மா காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. பேச்சு முழுக்க எங்கள் எல்லைப் பேச்சு. அம்மா வேடத்துக்கு நான் லீலாபாயைக் கொண்டுபோய் நிறுத்தினேன். குளத்தூரில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு வைக்கிறவர், வயது ஐம்பத்தெட்டு. சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் மூன்று ராஜாக்களையும் ஓரத்தில் தள்ளிவிட்டு எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு இன்னொரு படத்தில் நடித்தார், ஒரே ஒரு காட்சி. பாறசாலைத் தியேட்டருக்குச் சபைக்காரர்கள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனார். திரையில் வாய் அசைந்தது லீலாபாயுடையது. வந்த குரல் எவளுடையதோ! அவருடைய பேச்சு யாருக்கும் புரியாது என்று டப்பிங்கில் மாற்றிவிட்டார்கள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதார்.

“அங்கிட்டு தமிழ்நாட்டுக்குப் போனா நம்மள மலையாளத்துக்காரிங்கான். இஞ்ச ஆபீசுல போய் வாயத் தொறந்தா பாண்டிங்கான். எனக்க ஒச்சை எங்கேயும் வேண்டாம் போல. இந்தப் படத்துல எனக்க ஒச்சைதான் வரணும். வருமா? நீரு வாக்கு சொல்லும்” என்றார் என்னிடம்.

“வரும். நான் ஆக்கும் சொல்லுதேன்” என்றேன். என் வாய் இருக்கிறதே.

முதல் நாள் பொழியூர் வீட்டில் வேலை முடிந்தது. ரெஜிலா கண்ணைக் காட்டினாள். “எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா நில்லுங்க!” என்று கத்தினேன். லீலாபாய் சட்டென்று சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கார நேசையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்தார். அவர்களுடைய சபையில் அமைதியாக நில்லுங்கள் என்றால் ஜெபம் பண்ணுங்கள் என்று அர்த்தம். நிமிடம் முடியப்போகிற நேரத்தில் நேசையன், கூரை அதிர, “ஆமென்!” என்றார்.

எல்லாரும் சிரித்து உருண்டார்கள். ரெஜிலா மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், “இன்னொரு நிமிஷம்” என்றாள். அடுத்த நாளிலிருந்து நேசையன் ஆமெனை வாய்க்குள் விழுங்கிக்கொண்டார். ஜெபத்தை மட்டும் இருவரும் விடவில்லை. பதினாலு நாளும் அந்த நிமிடத்தில் லீலாபாய் முக்காடு போட்டு நின்றார், உதடு மட்டும் அசையும். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராம் நாள்தான் படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தோம். அம்மா வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்று மகனிடம் பேசுவது போலப் பேச வேண்டும். கேமரா அவர் முதுகுக்குப் பின்னால். லீலாபாய் அற்புதமாகப் பேசினார் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அதே நேரத்தில் கடல் சுவருக்குக் கல் கொண்டுவந்த டிப்பர் லாரி பக்கத்தில் கல்லைக் கொட்டியது. ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. மறுநாள் போனால் அந்த முற்றம் முழுக்கக் கல். “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்றான் அனூஜ்.

டப்பிங் ரெஜிலாவின் படுக்கையறையில். லீலாபாயை மைக் முன்னால் நிறுத்தினோம். தொண்டையைச் செருமினார், நிமிர்ந்தார், “மகனே, நீ எப்பொழுது வருவாய்? உனக்காக நான் அன்னம் வைத்திருக்கிறேன்” என்றார்.

அடப் பாவமே! முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிறவர். மைக் என்ற ஒன்றை முகத்துக்கு நேராக அவர் வேறெங்கும் கண்டதில்லை. அதைக் கண்டதும் நாக்கு தானாக வேதத் தமிழுக்கு மாறிவிட்டது. இருபத்தேழு தடவை பார்த்தோம். “சாதாரணமா பேசுங்க, அக்கா” என்றாள் ரெஜிலா. “சாதாரணமாத்தான் பேசுகிறேன்” என்றார் அவர், அதுவும் வேதபாடம்.

அனூஜ் பையை எடுத்துக்கொண்டான். “திங்கள்கிழமை படம் விழாவுக்குப் போகணும். திருவனந்தபுரத்துல ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்டைச் சொல்லி வச்சிருக்கேன். ஒரு சீனுக்கு வேற குரலு சேராது. முழுப் படத்துக்கும் அவங்களே பேசட்டும். சனிக்கிழமை வரைக்கும் பாருங்க” என்று போய்விட்டான்.  லீலாபாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெஜிலா என்னை ஃபோனில் கூப்பிட்டாள். போனேன். “அண்ணே, அக்காவுக்க சேலைக்குள்ள காலர் மைக் குத்தி வச்சிருந்தோம் இல்லியா? நம்ம ஒரு நிமிஷம் நிக்கும்போ அதை நான் அணைக்கல்ல. அது தனியா பதிஞ்சு கெடக்கு. இப்பத்தான் பாத்தேன். அதுல எந்தோ உண்டு.”

“எந்தொரு உண்டு?” என்றேன். எனக்கும் ஆவல் தாங்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினாள். முதலில் கடல். பிறகு துணி உரசல். அதற்கடியில், குசுகுசுவென்று ஒரு பேச்சு. அதில் வேதத் தமிழே இல்லை! சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற லீலாபாயேதான்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க மெஷினுல எனக்க ஒச்சை விழணும். விழ வையும், கேட்டீரா.” அது முதல் நாள். அடுத்த நாள் ஜெபம், சமையல்காரியின் கையில் பட்ட சூடு ஆற வேண்டும் என்று. நாலாம் நாள் ஜெபத்தில் என் பெயர் வந்ததும் ரெஜிலா நிறுத்தப் போனாள், நான் விடவில்லை. “இந்தக் கருணாகரன் அண்ணன் கெடந்து எல்லாருக்கும் எரிஞ்சு விழுதாரு. மனுசனுக்கு உள்ள எந்தோ வெசனம் உண்டு. வாய் தொறந்து சொல்ல மாட்டாரு. நீரு பாத்துக்கிடும்.”

ஷூட்டிங் நடந்த அந்த வாரம் என் மனைவி ஸ்ரீகுமாரிக்கு மார்பில் ஒரு கட்டி, சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு முடிவு வந்துவிட்டது. ஆனால் அந்த நாலாம் நாள் அது எனக்கும் அவளுக்கும் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. நான் வாட்சைப் பார்த்து நின்ற நிமிடத்தில் எனக்காக ஒருத்தி கண்ணை மூடி நின்றிருக்கிறாள். 

“இதை வெட்டி அந்த சீன்ல வையேன். முதுகுதானே தெரியுது, எந்தப் பேச்சும் பொருந்துமே” என்றேன்.

“அக்காகிட்ட கேட்காம எப்படி வைக்க? நாலாம் நாளுக்கு மேல உள்ளதை நான் போட்டுப் பாக்கவும் இல்ல. அக்காவை வரச் சொல்லியிருக்கேன்.”

லீலாபாய் வந்தார். முதல் நாள் பேச்சை அவருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. “அய்யே! இது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது ஆக்கும். நீங்க எப்படி கேட்டிய?”

“தெரியாம பதிஞ்சது, அக்கா. நாலு நாளு கேட்டேன், பொறுக்கணும். வேண்டாம்ணா அழிச்சிருவேன்.”

“அழி.”

 கடைசி வழி அல்லவா அது! “எலே பிள்ளே, கொஞ்சம் பொறு” என்று நான் சொல்வதற்குள் ரெஜிலா ஒவ்வொன்றாக, பதினாலையும், அவர் கண்முன்னாலேயே அழித்தாள். திரையில் ஒன்றும் மிச்சமில்லை. 

லீலாபாய்தான் முதலில் வாய் திறந்தார். “ஆனா எனக்க ஒச்சை நல்லாத்தான் விழுந்திருக்கு, இல்லியா மக்கா?”

“நல்லா விழுந்திருக்கு, அக்கா.”

அவர் பெரிய மைக்கை ஒரு தடவை பார்த்தார். “அந்தப் படத்துல எனக்க மகனுக்குப் பேரு எந்தொரு?”

“தீபு.”

“அந்தக் குட்டி மைக்கை இஞ்ச குத்து. பெரிசை எடுத்து வெளிய வை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, அங்ஙன பொழியூருல சொல்லுவீரே, அதுபோல சொல்லும்.”

நான் எழுந்தேன். வாட்சைக் கழற்றினேன். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து ரெஜிலாவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். “எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா நில்லுங்க” என்றேன். கத்தவில்லை.

லீலாபாய் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டார். கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, தீபுவுக்க காரியம் ஆக்கும். மூணு வருசமாச்சு. பய கடலுலயா கரையிலயா, ஒண்ணும் தெரியல்ல. கடலுல கெடந்தா கரைக்குத் தள்ளிவிடும். கரையில கெடந்தா வீட்டுக்குத் தள்ளிவிடும். எனக்க கூட பெணக்கமா இருந்தா, பெணங்கிக்கிட்டே வரட்டு. சோறு மூடி வச்சிருக்கேன்.”

ரெஜிலா அசையவில்லை. என் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட நான் கையைத் தூக்கவில்லை, சட்டை உரசினால் மைக்கில் விழுமே. அன்று மாலையே அவள் பொழியூரில் பெரிய மைக்கில் பிடித்துவைத்த வெறும் கடலை அந்தப் பேச்சுக்கு அடியில் விரித்தாள். ஊறுகாய் என்று நான் சொன்னேனே, அதே கடல். அனூஜ் வந்து ஒரு தடவை கேட்டான். திருவனந்தபுரத்துக்கு ஃபோன் பண்ணி டப்பிங் ஆர்ட்டிஸ்டை வர வேண்டாம் என்று சொன்னான்.

படம் விழாவுக்குப் போய்வந்தபின் நெய்யாற்றின்கரையில் ஒரு ஹாலில் ஊர்க்காரர்களுக்குப் போட்டார்கள். லீலாபாய் அதே முப்பது பேரையும் மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார், துணிச்சலைப் பாருங்கள்! முதல் காட்சியில் அவர் வாயைத் திறந்ததுமே பின்வரிசையில் யாரோ, “ஏய், இது நம்ம லீலாபாயிக்க ஒச்சை!” என்றார்கள். கடைசிக் காட்சி வந்தது. கடல். முதுகு. அந்தப் பேச்சு. ஹாலில் ஒருத்தர்கூடத் தும்மவில்லை. என் பக்கத்தில் லீலாபாய் தன் குரலையே அடுத்தவள் குரல்போல வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்தது. கடல் மட்டும் ஓடியது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து நேசையன், பதினாலு நாள் விழுங்கியதையெல்லாம் சேர்த்து, ஹால் அதிர, “ஆமென்!” என்றார்.

அனூஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். நான் ரெஜிலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னொரு நிமிடம் கேட்கவில்லை.