அடுத்த பாடு

விமானப்படையில் என் வேலை, புது விமானம் எங்கே, எப்போது தகராறு செய்யும் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது. வீட்டில் இதை விவரமாகச் சொன்னதில்லை. எல்லாம் சோதித்த பிறகுதான் ஏறுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். சோதிப்பதே நான்தான் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும்?

எண்பதுகளில் விண்வெளிப் பயணத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: நானும், என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பரும். இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சாப்பாடு, ஒரே தலைசுற்றல். கடைசியில் நண்பர் போனார். அவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் போகவேண்டிய மாற்று ஆள் நான். பாழாய்ப்போன மனிதருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வருத்தம் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அவர் பத்திரமாக இறங்கிய செய்தி வந்ததும் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர்கள், போய்வந்தது நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

விடுமுறைக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்கு வந்தேன். அடுத்தது நான்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களுக்கு நாங்கள் முறை வைத்துத்தான் போவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று ஒருவர் வலை போட்டால் நாளை அடுத்தவர். இன்று கரையில் நின்றவனுக்குப் பாடு வராமலே போனதாகச் சரித்திரம் இல்லை. ஆரம்பாக்கத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட என்னிடம் தேதி கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

நைனாவிடம் மழுப்ப முடியவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், என் பாடு எப்போது என்று கேட்பார். அவர் ஆசையை எப்படி உடைப்பது என்ற கவலையில் எனக்குச் சோறே இறங்கவில்லை. வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பாடு கெடையாது நைனா. அங்க முறையெல்லாம் இல்ல. ஒரு தபா தான். முடிஞ்சிபோச்சி."

அவர் கை தட்டிலேயே நின்றது. "இன்னாடா சொல்ற? இனிமே உன்னக் கூப்டவே மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். உடனே அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தாமே, அவன் போவ மாட்டானாம். எப்பவுமே போவ மாட்டானாம்."

அம்மா கரண்டியோடு ஓடிவந்து என்னைப் பார்த்து அழுதாள், பிறகு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மனசு லேசாகிவிட்டது. நைனா தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். நான் வந்த நாளிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.