ஜெயந்தினியும் ஒட்டுக்கேட்ட போனும்

ஜெயந்தினி போனை எடுத்ததும் ‘ஹலோ’ சொல்வதில்லை. “என்னா?” என்பாள். கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாகூட ஒருமுறை இதில் மாட்டி, எதற்காகக் கூப்பிட்டோம் என்பதையே மறந்து போனை வைத்துவிட்டார்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். ஐந்தடிக்குக் குறைவான உருவம். குரல் மட்டும் ஆறடி. மேட்டு மலையில் நின்று அவள் கேட்ட வெற்றிலையைப் பள்ளத்து லயத்து வீடுகளிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்ததுண்டு. இப்படிப்பட்டவளை ஒட்டுக்கேட்க யாராவது சிரமப்படுவார்களா? ஒருவன் பட்டான். அவளுடைய புருஷன்.

அழகுமுத்துவுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. சித்திரை வருஷத்துக்கு வந்தபோது மனைவிக்குப் புதுப் போன் வாங்கி வந்தான். வெகுநேரம் தானே தடவிக்கொண்டிருந்துவிட்டுத்தான் கொடுத்தான். புதுப் பொருள்மேல் ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சும்மா கிடந்தாலும் அந்தப் போன் சுட்டது. ரீலோட் போட்ட டேட்டா இருந்த இடம் தெரியாமல் தீர்ந்தது. அரசாங்கம்தான் போன் வழியாக எல்லாரையும் ஒட்டுக்கேட்கிறது என்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் விளக்கம் சொன்னார். “கேக்கட்டுங்க தலைவரே. எங்க கூரை ஒழுகுற சத்தமாச்சும் அவங்க காதுல விழுந்தா சரி” என்றாள்.

ஒருநாள், லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு ராசம்மாவிடம், நாத்தனார் கொடுத்த சேலையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாள்: “கட்டிக்கிட்டா கொசு வலைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குடி.” அன்று சாயங்காலமே கொழும்பிலிருந்து அழகுமுத்து சீறினான். “எந் தங்கச்சி குடுத்த சீல ஒனக்குக் கொசு வலையா?”

ராசம்மாவைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்? ஜெயந்தினி பேச்சை நிறுத்தினாள். பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தும் முகம் பார்க்கவில்லை. ராசம்மா அழுதாள், பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள். ஜெயந்தினி கரையவில்லை. ஆனால் வீட்டில் யாருமே இல்லாதபோது மாமியாரைப் பற்றித் தனக்குத்தானே முணுமுணுத்ததுகூடக் கொழும்பு போய், அழகுமுத்துவின் வசவாகத் திரும்பி வந்தபோது, அவள் சந்தேகம் போன்மேல் திரும்பியது.

ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள். போன் கடையில் வேலை செய்யும் தக்ஷிகா அதைத் துருவிப் பார்த்தாள். “அக்கா, கல்குலேட்டர்னு பேரப் போட்டுக்கிட்டு உள்ள ஒன்னு ஒளிஞ்சிருக்கு. நீங்க எங்க போறீங்க, என்ன பேசுறீங்க, எல்லாம் இன்னொரு போனுக்குப் போகுது. இந்தப் போன கையில வச்சிருந்த யாரோதான் போட்டிருக்காங்க. அழிச்சிரவா?”

சித்திரையில் புருஷன் போனைத் தடவிக்கொண்டிருந்தது ஜெயந்தினிக்கு ஞாபகம் வந்தது. “எங்கிட்ட மறைக்க என்னா இருக்கு தங்கச்சி? மலை, அடுப்பு, மறுபடி மலை. இதக் கேட்டு என்னாத்தக் கண்டாரு?” என்றபோது கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அழிக்காத. இருக்கட்டும்.”

ஊருக்குத் திரும்பியதும் போனை வீட்டில் போட்டுவிட்டு ராசம்மாவின் வாசலில் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். “ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேன்டி. செருப்பால அடி என்னய.” ராசம்மா கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். பிறகு இருவரும் சிரித்து, அழுது, சமாதானமானார்கள்.

அதன்பின் போனைச் சாமி சிலைபோல் நடுவில் வைத்துக்கொண்டுதான் பேச்சு. “வெறகெல்லாம் ஈரமா கெடக்குடி. அவரு கேரம் போர்ட ஒடச்சு எரிச்சிரலாம்னு பாக்குறேன்” என்றாள் ஜெயந்தினி ஒருநாள். சற்றைக்கெல்லாம் போன் அலறியது. சேலை விவகாரத்தில் வாய்விட்டுவிட்ட அழகுமுத்து இப்போது உஷாராகியிருந்தான். “சும்மாதான் எடுத்தேன்… அந்தக் கேரம் போர்டு… நனையாம இருக்கா?” ராசம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு வந்தவன் முன்னால், தேத்தண்ணிக்கு முன்பாகப் போனைத்தான் வைத்தாள். “ஒளிச்சு வச்சத நீங்களே வெளிய எடுங்க.” தெரியாது என்றான். கடைக்காரர்கள் கதை கட்டுகிறார்கள் என்றான். கடைசியில், “அங்க தனியா கெடக்கேன். ஒங் கொரலக் கேக்கலாம்னுதான்…” என்று இழுத்தான்.

“கொரல் வேணும்னா கூப்புடுங்க. சந்தேகம்னா மொகத்தப் பாத்துக் கேளுங்க. திருடன் மாதிரி காத மட்டும் வீட்டுக்குள்ள வுடாதீங்க.”

அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு அதை மெதுவாகச் சொன்னாள். அழகுமுத்து மிரண்டது அதற்குத்தான். அங்கேயே உட்கார்ந்து அழித்தான். அவள் நம்பவில்லை. கடை திறந்ததும் ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போய், “சுத்தமாயிருச்சு அக்கா” என்று தக்ஷிகா அவன் காதுபடச் சொன்ன பிறகுதான் விட்டாள்.

சென்ற ஞாயிறு ஹட்டன் பஸ் நிலையத்தில், புறப்படக் காத்திருந்த நுவரெலியா பஸ்ஸுக்குள் அவளையும் ராசம்மாவையும் பார்த்தேன். மடியில் சூடான ரோல்ஸ் பார்சல். எங்கே பயணம் என்று கேட்டேன்.

“சும்மாதாங்க. அங்க ஏரியில படகு ஓடுதாமே, அதப் பாத்துட்டு வரலாம்னு.”

அப்போது கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். “வீட்லதாங்க. ஒல வச்சிருக்கேன்” என்றாள் ஜெயந்தினி, கண் சிமிட்டாமல். அதே நேரம் நடத்துனர் படியில் தொற்றிக்கொண்டு, “நுவரெலியா! நுவரெலியா!” என்று கூவத் தொடங்கினார்.

அவள் பதறவில்லை. உள்ளங்கையால் போனின் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மறு கையால் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள்.