முக நரம்பில் விட்டுவைத்த துண்டு

கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட வரப்பில் போனபோது இடப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கால் வைத்தேன். ஒருமுறை என்றால் வழுக்கல் என்று விட்டிருப்பேன். அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் என் கணவரிடம், "உன் பொண்டாட்டிக்கு இன்னாப்பா, மயக்கமா? தள்ளாடிக்கினு போவுது" என்று கேட்டே விட்டார். இடது காது மந்தமாகி வெகு நாளாகியிருந்தது. வலது காது நன்றாகக் கேட்டதால் அதை நான் நோயாக நினைக்கவில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். கள்ளக்குறிச்சியில் காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கும் இல்லை, சீழும் இல்லை. "காது இவ்ளோ சுத்தமா இருக்கிறதுதான் எனக்குச் சந்தேகம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்மா" என்றார்.

படத்தில் தெரிந்தது செவி நரம்புக் கட்டி (கேட்கவும் தடுமாறாமல் நடக்கவும் உதவும் நரம்பின் உறையில் மெல்ல வளர்வது). மண்டையோட்டின் அடித்தளத்தில், மூளைத்தண்டை (மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் பகுதி) அழுத்திக்கொண்டு, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. புற்றுநோய் இல்லை என்றதும் நிம்மதியாக எழுந்தேன். தலையைத் திறக்க வேண்டும் என்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அறுவை மருத்துவர் ஒரு பெண். பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். உள்காதைக் குடைந்து போவது ஒரு வழி. காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு திறப்புப் போட்டு, சிறுமூளையை லேசாக ஒதுக்கிப் போவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவது. கட்டியை அப்படியே பிடுங்க மாட்டார்கள். உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, அது சுருங்கிய பிறகு மேலுறையை நரம்புகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள்.

"இடது காது இனிமே கேக்காது. அதைக் காப்பாத்த முடியாது. என் கவலை முகத்தைப் பத்தித்தான்" என்றார். கண்ணை மூடவும் சிரிக்கவும் வைக்கும் முக நரம்பு, அந்தக் கட்டியின் மேலேயே மெலிந்து ஒட்டிக் கிடக்கலாமாம்.

"ஒட்டினு இருந்தா இன்னாங்க பண்ணுவீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"முழுசா உரிச்சா நரம்பு போயிடலாம். மெல்லிசா ஒரு துண்டை நரம்பு மேலயே விட்டுட்டா முகம் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஆனா அது மறுபடி வளருதான்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"முழுசா எடுத்துடுங்க. இன்னொரு வாட்டி இத்த யாரு தாங்கறது?"

"மூஞ்சி என்னுது" என்றேன். வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவளுக்கு மூடாத கண் எத்தனை நாளைக்கு நிற்கும்? "ஒட்டினு இருந்தா வுட்டுடுங்கம்மா. வளந்தா அப்போ பாத்துக்கலாம்." வெளியே வந்ததும் கணவர், "டீ குடிக்கிறியா?" என்றார்.

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் பொழுது சாயும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். முகத் தசைகளில் ஊசிகளைச் செருகி, முக நரம்பைத் தூண்டினால் கருவி ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு வேலை செய்தார்களாம். கட்டி ஒட்டித்தான் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் விழித்தபோது இடப்பக்க முகம் தொங்கிக் கிடந்தது. "நரம்பு அறுபடல. முழிக்க மாசக்கணக்காகும்" என்றார் மருத்துவர். இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நரம்பு பிழைத்தாலும் முகம் உடனே திரும்பிவிடாது. பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு போட்டு இமையை ஒட்டி மூட வேண்டும். அதைச் செய்தவர் என் கணவர். ஆரம்பத்தில் இமை மயிரையும் சேர்த்து ஒட்டிவிடுவார். எடுக்கும்போது எனக்குக் கோபம் வரும். திட்டினால் சொல் குழறும்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் கஞ்சி வாயோரம் வழிந்தது. ஓரகத்தி பார்க்க வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "எனக்கு உன் முதுவு போதும். படுத்துக்கினே பேசு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அன்று நிறையப் பேசினோம். மறுநாள் என்னைக் கைபிடித்துக் களத்தில் நடக்க வைத்தவளும் அவள்தான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒழுகாமல் நின்றது. இடது கன்னம் உப்பியது. கூப்பிட வாயில்லை, கையைத் தட்டினேன். "இன்னா ஆச்சு?" என்று கணவர் பதறி ஓடிவந்தார். துப்ப மனமில்லாமல் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது கண் மூடுகிறது. சிரிப்பு கொஞ்சம் கோணல். இடது காதில் ஓயாத இரைச்சல் மட்டும் உண்டு. விட்டுவைத்த துண்டு இதுவரை வளரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அது முடிந்த மறுநாள் ஒரு வருஷம் முழுசாகக் கையில் கொடுத்தது போலிருக்கும். அடுத்த ஸ்கேன் நெருங்க நெருங்க அந்த நிம்மதி குறையும்.

போன மழைக்காலம் முடிந்து கல்வராயன் மலைக்குப் போனோம். பேருந்தை விட்டு இறங்கியதும் அருவிச் சத்தம் கேட்டது. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. எந்தச் சத்தமும் தலைக்குள்ளேயே இருப்பது போலிருக்கும். திசை காட்டக் கணவர் கையை நீட்டப் போனார்.

"சொல்லாதீங்க, இருங்க" என்றேன்.

நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினேன். வலது காதில் சத்தம் நன்றாக ஓங்கியதும் நின்று, அந்தப் பக்கம் திரும்பினேன். புதர்களுக்கு நடுவே ஒரு தடம் கீழே இறங்கியது. அவர் என் வலப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டார். நான் முன்னே நடந்தேன்.